கதையாகப் படித்ததும் படமாகப் பார்த்ததும்



எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படம் பார்ப்பது வழக்கம். சீட்டுக் காசு சேர்த்து, கூட்டக் குறிப்பு வாசித்து, தேநீரும் குடித்த பின்னர் சனசமூக நிலையத்தின் ரீவியைப் போடுவோம். யாராவது ஒருவருடைய பிள்ளை படத்தை ஏற்றிக் கொண்டு வந்து தரும். படம் முடிந்ததும் வீட்டு வேலை உள்ளவர்கள் போய்விட, மிச்சப் பேர் இருந்து கதைப்போம். "நல்ல படம்", "சரியான இழுவை", "அழ வைச்சுப் போட்டாங்கள்" என்பதோடு அநேகமாக அந்தக் கதை முடிந்துவிடும்.

கடந்த வருடம் இதில் ஒரு மாற்றம் செய்தோம். கதைப் புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்ட படங்களைத் தெரிவு செய்து, படம் போடுவதற்கு முந்திய வாரத்தில் அந்தக் கதையை அல்லது அதன் ஒரு பகுதியைச் சத்தமாக வாசிப்பது என்று முடிவெடுத்தோம். வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் இலக்கியம் படித்தவள் அல்ல. வாசிகசாலையில் எடுக்கும் புத்தகத்தை அடுப்படியில் வைத்து வாசிக்கிற ஒருத்தி, அவ்வளவுதான். எனவே இதை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் பார்த்ததையும் கதைத்ததையும் எழுதுகிறேன்.

எழும்பிப் போன அக்கா

இந்த மாற்றத்துக்குக் காரணம் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 2002ஆம் ஆண்டு மணிரத்னம் எடுத்த படம். சுஜாதாவின் ஒரு சிறுகதையை வித்தாகக் கொண்டது. இராமேஸ்வரம் அகதி முகாமில் பிள்ளையைப் பெற்றுவிட்டு, கணவனைத் தேடி இலங்கைக்குத் திரும்பிய ஒரு தாய். அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்த இன்னொரு தாய். பெற்றவளைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் அமுதா. எங்கள் எல்லோருக்கும் கதை தெரியும். ஆயினும் திரும்பப் பார்க்க ஆசைப்பட்டோம்.

சனம் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டு நடக்கும் இடத்தில் ஒரு அக்கா எழும்பி வெளியே போய்விட்டா. நான் பின்னால் போனேன். வேப்பமரத்தடியில் குந்தியிருந்தா. "படம் நல்லதுதான் பிள்ளை. ஆனா அது எங்களுக்காக நிக்காது, தன்ரை பாட்டுக்கு ஓடும். புத்தகமெண்டா நெஞ்சு அடைக்கிற இடத்தில மூடி வைச்சிட்டு, நாளைக்கு எடுத்துப் படிக்கலாம்" என்றா.

அக்கா ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவ. புத்தகத்துக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல ஒருவரையும் நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் மூன்று ஒழுங்குகள் உண்டு. படம் ஓடும்போது கதவு திறந்திருக்கும். வெடிச்சத்தம் வரும் இடங்களில் சத்தத்தைக் குறைப்போம். எழும்பிப் போகிறவரை ஏன் என்று கேட்க மாட்டோம்.

ஐந்து பாகமும் ஐந்தரை மணித்தியாலமும்

அடுத்ததாகப் 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதிய ஐந்து பாகக் கதை. எங்கள் அம்மாமார் பத்திரிகைத் தாள்களைக் கிழித்துத் தைத்துக் கட்டி வைத்திருந்த கதை. அந்தக் கட்டுகள் இடப்பெயர்வுகளில் எங்கே போயினவோ தெரியாது. மணிரத்னம் இதை 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாகத் தந்தார். இரண்டையும் சேர்த்தால் ஐந்தரை மணித்தியாலம். அவ்வளவு பெரிய கதையை அதற்குள் அடைக்க வேண்டுமென்றால் யாரையாவது வெளியில் விடத்தான் வேண்டும்.

யாரை விட்டார்கள் என்று பார்த்தோம். கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இல்லை. வந்தியத்தேவன் மேல் வைத்த அன்பினாலேயே மனம் பேதலித்து இறந்துபோகும் அந்தப் பெண்ணை வாசித்து அழுதவர்கள் எங்களுக்குள் பலர். படகோட்டும் பூங்குழலி படத்தில் வருகிறாள், அழகாகவும் வருகிறாள். ஆனால் அவளுடைய தனிமையும் கோபமும் ஆசைகளும் கதையில் எத்தனை அத்தியாயங்கள்! படத்தில் அவள் ஆட்களைக் கடல் கடத்திவிடுகிற வேலையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறாள்.

அதேவேளை படத்துக்குரிய நன்மையையும் சொல்ல வேண்டும். நந்தினி ஏன் அப்படி ஆனாள் என்பதைப் புத்தகம் நினைவுகளாகவும் பிறர் சொல்லக் கேட்பதாகவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்க்கிறது. இரண்டாவது படத்தின் ஆரம்பக் காட்சிகள் அந்தச் சின்னப் பெண்ணையும் அவள் விரட்டப்பட்டதையும் அதிகம் பேச்சில்லாமல் காட்டிவிடுகின்றன. "புத்தகத்தில அவள் எனக்கு நஞ்சு. படத்திலதான் பாவமெண்டு தெரிஞ்சுது" என்று ஒரு இளம் சகோதரி சொன்னா. அந்த அளவில் படம் வென்றுவிட்டது.

எனக்குப் பிடித்தவள் மந்தாகினி, ஊமை ராணி. ஈழத்தில் வாழ்பவள், பேச்சில்லாதவள். புத்தகத்தில் அவள் தன் வாழ்க்கையைச் சுவரில் சித்திரங்களாக வரைந்து அருள்மொழிவர்மனுக்குக் காட்டுகிறாள். அந்தப் பகுதியை நான் இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. வாய் திறந்து சொல்ல முடியாத பெண், தன் கதையைத் தானே சுவரில் சொல்லிவிட்டாள். இதை மனதில் வைத்திருங்கள், பின்னர் வருகிறேன்.

அப்பனின் பின்னால் போன கமரா

மூன்றாவது, வெற்றிமாறனின் 'அசுரன்'. 2019இல் வந்தது. பூமணி 1982இல் எழுதிய 'வெக்கை' என்ற நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அண்ணனைக் கொன்ற நிலக்காரனை வெட்டிவிட்டு, பதினைந்து வயதுப் பையன் தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரியும் கதை. நாவல் முழுக்க அந்தப் பையனோடுதான் நடக்கிறது. என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டார்கள் என்று நாள் நாளாகச் சொல்கிறது. காட்டுக்குள் ஒளிந்து திரிவது என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களை விளக்க வேண்டியதில்லை.

படத்தில் தனுஷ் தகப்பன் சிவசாமியாக வருகிறார். அதற்காக அவருக்கு இந்தியத் தேசிய விருதும் கிடைத்தது. பெரிய நடிகர் தகப்பனாக வந்தபோது கதையும் தகப்பனின் கதையாக மாறிவிட்டது. அவருடைய வாலிப காலம், அப்போது நடந்த கொடுமை, செருப்புப் போட்டதற்காக ஒரு பெண் அவமானப்படுத்தப்பட்டது என்று ஒரு பெரும் பகுதி படத்துக்காக விரிக்கப்பட்டிருக்கிறது. படிப்பை மட்டும் ஒருவராலும் பறிக்க ஏலாது என்று தகப்பன் மகனுக்குச் சொல்லும் இடத்தில் எங்கள் மண்டபத்தில் கைதட்டல். எங்கள் வீடுகளிலும் காணி போய், நகை போய், கடைசியில் அதைத்தானே பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

ஆனால் அன்று எங்களுக்குள் கூடக் கதைபட்டவள் தாய் பச்சையம்மாள். மஞ்சு வாரியர் நடித்த பாத்திரம். மூத்த மகனைத் தலையில்லாத உடலாகக் கண்ட தாய். அவள் அந்த இழப்பைத் தாங்க முடியாமல் இருப்பதுதான் சின்னவனை அரிவாள் தூக்க வைக்கிறது. ஆக, கதையை நகர்த்துவது அவளுடைய கண்ணீர். கதை நகர்ந்த பிறகு கமரா அப்பனின் பின்னால் போய்விடுகிறது. எங்கள் சங்கத்தில் பிள்ளையின் உடலையே காணாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு அம்மா சொன்னா: "அவ சாப்பிடாமக் கிடந்ததைக் காட்டினது சரி. பிறகு அவ என்ன நினைச்சா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

வெற்றிமாறனின் 'விடுதலை'யைப் பற்றியும் கதைத்தோம். ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதையை அடியாகக் கொண்டு 2023இலும் 2024இலும் இரண்டு பாகங்களாக வந்தது. சிறுகதை சில பக்கங்கள்தான். முதற் பாகத்தில், கிராமத்துப் பெண்களைப் பொலிஸ் நிலையத்தில் ஆடை களைந்து வதைக்கும் காட்சி இருக்கிறது. இதைச் சங்கத்தில் போடுவதா என்று ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். "நடந்ததைக் காட்டாட்டி, நடக்கேல்லை எண்டு சொல்லுவாங்கள்" என்றா ஒரு தங்கச்சி. "காட்டுறது வேறை, எங்களை இருத்தி வைச்சுப் பாக்கப் பண்ணுறது வேறை" என்றா வேப்பமரத்தடி அக்கா. இரண்டும் நியாயம்தான். கடைசியில் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டில் பார்க்கட்டும், அங்கே நிறுத்துகிற பட்டன் அவர்களுடைய கையில் இருக்கும்.

தலையில் ஊற்றிய தண்ணீர்

இவ்வளவையும் பார்த்த பிறகு, பழைய கதை ஒன்றுக்குப் போனோம். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் பஸ்சுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிச் சென்ற ஒருவன் கெடுத்துவிடுகிறான். அவள் அழுதுகொண்டு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் பதறி அடித்துக் கத்துகிறாள். அயலவர் என்ன சத்தம் என்று கேட்டதும் சுதாகரித்துக்கொள்கிறாள், ஏதோ சொல்லி மறைக்கிறாள். பிறகு மகளைக் கொண்டுபோய்த் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய், உன்னில் ஒரு கறையும் இல்லை என்கிறாள். சீதைக்கு நெருப்பு, இந்தப் பெண்ணுக்குத் தாய் ஊற்றிய தண்ணீர்.

அந்தக் கதை வந்த காலத்தில் பெரிய எதிர்ப்பு வந்தது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று கேட்டார்கள். ஜெயகாந்தன் மறுபடி எழுதினார். இம்முறை தாய் தண்ணீர் ஊற்றவில்லை, ஊர் கேட்கக் கத்துகிறாள். விசயம் தெருவுக்கு வருகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். அந்தப் பெண் கங்கா படித்து, உத்தியோகம் பார்த்து, ஆனாலும் அந்த ஒரு நாளிலேயே நின்றுவிட்ட வாழ்க்கை வாழ்கிறாள். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். 1972இல் சாகித்திய அக்கடமி விருது பெற்றது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படமாக வந்தது. திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமி சிறந்த நடிகைக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றார்.

நாவலில் கங்கா தனக்குள் பேசிக்கொள்வது பக்கம் பக்கமாக இருக்கிறது. படத்தில் அதை எப்படிக் காட்டுவது? லட்சுமியின் முகம் அந்த வேலையைச் செய்கிறது. அவர் சும்மா இருக்கும் இடங்களில் அவர் என்ன நினைக்கிறார் என்று எங்களுக்குத் தெரிகிறது. நாங்கள் பார்த்த படங்களில் பெண்ணின் நினைப்பை வெளியில் விடாமல் கூடவே கொண்டு வந்த படம் இதுதான் என்பது எங்கள் ஏகமனதான முடிவு. கறுப்பு வெள்ளைப் படம் என்று முகம் சுழித்த பிள்ளைகளும் அசையாமல் இருந்து பார்த்தார்கள்.

சிறுகதையை நான் வாசித்து முடித்த பின்னேரம் வெகு நேரம் ஒருவரும் பேசவில்லை. தையல் வேலையில் இருந்த ஒரு சகோதரி நிமிராமலே சொன்னா: "தண்ணி ஊத்த ஒரு ஆள் இருந்தாக் காணும்." அவ்வளவுதான். பிறகு ஊசியில் நூல் கோத்தா.

அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. நானும் ஒரு நாள் அந்த நாவலின் தாயைப் போலக் கத்தியவள். முகாமில் இருந்த காலம். தண்ணீருக்குப் போன என் பெறாமகள் அழுதுகொண்டு வந்தாள். என்ன நடந்தது என்று கேட்க முதல், "ஏன் தனியப் போனனீ?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கூடாரங்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள். என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் சொல்ல வந்த பிள்ளையைச் சொல்ல விடாமல் செய்தது நான்தான். பயத்தில் கத்தினேன் என்று இப்போது விளங்குகிறது. அவளுக்கு அது அன்று விளங்கியிருக்காது.

ஒரே எழுத்தாளர், ஒரே பெண், ஒரே மழை. தாய் என்ன செய்தாள் என்பது மட்டும்தான் மாறியது. அதில் ஒரு முழு வாழ்க்கை மாறிவிட்டது. நூறு கூட்டங்களில் சொன்னாலும் எனக்கு ஏறியிராத பாடத்தை இந்த இரண்டு கதைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தன.

எங்கள் கதையை யார் சொல்வது?

அந்த நாவலில் இன்னொரு விசயம் உண்டு. கங்கா ஒரு பத்திரிகையில் 'அக்கினிப் பிரவேசம்' கதையை வாசிக்கிறாள். இது என்னுடைய கதையல்லவா என்று திடுக்கிடுகிறாள். ஆனால் அந்தக் கதையில் தாய் தண்ணீர் ஊற்றுகிறாள், தன் தாய் ஊற்றவில்லை. தன் வாழ்க்கையை வேறொருவர் எழுதி, முடிவையும் மாற்றி எழுதியிருப்பதைப் பார்க்கும் பெண் அவள்.

எங்களுக்கும் அப்படித்தான். எங்கள் நாட்டுக் கதைகள் படமானது குறைவு. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் படமாக வந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் வாடி போட்டுத் தொழில் செய்ய வரும் கடற்றொழிலாளரின் கதை. எங்கள் பேச்சையும் எங்கள் கடலையும் திரையில் கண்டதை வயதான அம்மாமார் இப்போதும் சந்தோசமாகச் சொல்கிறார்கள். ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபனி போய்' நாவலை தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். ஆண்பிள்ளைக்குரிய விளையாட்டுகளில் மனம் ஒட்டாத ஆர்ஜி என்ற சிறுவனின் கண்ணால் 1983 வன்செயல் வரை சொல்லும் கதை. படத்தில் பேசப்படும் தமிழ் எங்கள் தமிழாக இல்லை என்று அப்போது பலர் குறைப்பட்டார்கள். கதை எங்களுடையதாக இருந்தும், வாயசைவு வேறொருவருடையதாக இருந்தால் மனம் ஒட்டுவதில்லை.

ஆகவே சகோதரிகளே, புத்தகம் நல்லதா படம் நல்லதா என்று என்னிடம் கேட்டால், இரண்டையும் பாருங்கள் என்பேன். படம் ஒரே நேரத்தில் எல்லோரையும் ஒன்றாக இருத்துகிறது. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவும் அதற்குள் வரலாம். புத்தகம் நாங்கள் நிற்கும் இடத்தில் தானும் நிற்கிறது. உங்கள் சங்கத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். முதலில் சிறுகதையோடு தொடங்குங்கள்; அரை மணித்தியாலத்தில் வாசித்து முடிக்கலாம். பிறகு படம். கடைசியில் ஒரேயொரு கேள்வி: கதையில் இருந்த பெண்களில் யார் படத்தில் இல்லை, இருப்பவர்களில் யாருடைய நினைப்பு காணாமல் போனது? இந்தக் கேள்வியோடு எங்கள் கூட்டம் இருட்டும் வரை நீண்டிருக்கிறது.

மந்தாகினியை மறந்துவிட வேண்டாம் என்றேன் அல்லவா? பேச்சில்லாத அவள் சுவரில் வரைந்தாள். படம் எடுக்கக் கோடிக்கணக்கில் காசு வேண்டும். எழுதுவதற்கு ஒரு கொப்பியும் பேனையும் காணும். நாங்கள் எழுதாவிட்டால் எங்கள் கதையின் முடிவை வேறு யாரோ எழுதுவார்கள்.

போன மாதம் என் பெறாமகள் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தாள். இரவு பிள்ளைகள் படுத்த பிறகு அந்தச் சிறுகதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசித்து முடிய, "சின்னம்மா, அந்தக் கடைசிப் பக்கத்தைத் திரும்ப வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன்.